ஒரு ஜிப் மாற்றப் போய் ஒரு குளிர்காலமே போன கதை

குன்னூருக்கு வேலைக்கு வருகிறவர்களிடம் எல்லோரும் தவறாமல் சொல்வது, நல்ல ஜெர்கின் ஒன்று வாங்கிக்கோ என்பதுதான். அந்த ஜெர்கினில் ஜிப் போனால் யாரிடம் கொடுப்பது, என்ன சொல்லிக் கொடுப்பது, எந்த மாதத்தில் கொடுக்கவே கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. அதனால் போனது 3,000 ரூபாய்க்கு மேல், கூடவே டிசம்பர் வரைக்கும் குளிரை ஒழுங்கான மேலுடுப்பு இல்லாமல் ஓட்டினேன். இங்கே தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற, வீட்டில் தையல் மெஷின் இல்லாத, ஊரில் யாரையும் தெரியாத ஆள் யாராவது இதைப் படித்தால் அந்தக் காசாவது அவர்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். அங்கே கிழிந்த துணி என்றால் எதிர்வீட்டு அக்கா, அவ்வளவுதான். கொல்லைப்பக்கம் போய்க் கொடுத்தால் சாயங்காலம் வந்துவிடும், காசு கொடுத்தால் திட்டு வாங்க வேண்டும். இங்கே வந்த பிறகுதான் தையல்கடை வாசலில் நின்று பேரம் பேசும் வாழ்க்கை. அந்த வருடம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், மழை பிடித்துக்கொண்ட சமயம். ஊட்டி, கூடலூர்ப் பக்கமெல்லாம் ஜூன், ஜூலை மழைக்குப் பேர் போனவை. குன்னூர், கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருப்பதால் எங்களுக்கு அக்டோபருக்கு மேல் வரும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. துணி காயாது, பீரோவுக்குள் வைத்த துணியிலேயே ஒரு வாடை வரும். அந்த நேரம் பார்த்து ஜெர்கின் ஜிப் மக்கர் செய்தது. மேலே இழுத்தால் ஏறும், ஏறின கையோடு வயிற்றுப் பக்கம் வாய் பிளந்துகொள்ளும். கோயம்புத்தூரில் 2,600 ரூபாய்க்கு வாங்கினது, உள்ளே பஞ்சு வைத்த நைலான் ஜெர்கின், ஒரே வருடம்தான் ஆகியிருந்தது.

சரி, ஒரு வழியாகக் கொடுப்பதுதான் கொடுக்கிறோம் என்று மற்றதையும் மூட்டை கட்டினேன். ஆபீஸுக்குப் போடும் காட்டன் பேண்ட் இரண்டு, நீளம் குறைக்க. அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டு, கைக்குழிக்குள் லைனிங் பிரிந்து, முழங்கைக்குப் பக்கத்தில் பூச்சி அரித்த சின்ன ஓட்டையோடு. ஒரு சுடிதார், இடுப்பில் கொஞ்சம் பிடித்து அடிக்க. மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மெஷின் போட்ட ஒரு கடை. பேர் வேண்டாம். வாசலில் ஆல்டர் செய்து தரப்படும் என்று அட்டை தொங்கியது. உள்ளே இருந்த அண்ணன் மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "வச்சிட்டுப் போங்க சிஸ்டர், புதன்கிழமை ஆயிரும்." சீட்டு கேட்டேன். "நமக்குள்ள என்ன சீட்டு" என்றார். துண்டுத் துணி ஒன்றில் பால்பாயிண்ட் பேனாவால் என் பெயரை எழுதி மூட்டையில் ஊசி குத்தினார். அட்வான்ஸ் 200 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அந்தப் புதன் வந்தது, போனது. கடையில் பிளவுஸ் துணி கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது, இரண்டு மெஷினும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன, என் மூட்டை மட்டும் பெஞ்சுக்குக் கீழே கட்டினது கட்டினபடி. தீபாவளி முடியட்டும் என்றார். தீபாவளி முடிந்ததும் கைப்பையன் ஊருக்குப் போய்விட்டான். அப்புறம் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து வண்டி வரவில்லை, ஜிப் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். அது பொய் என்று சொல்ல மாட்டேன், அந்த ரோட்டில் மழைக்காலத்தில் மண் சரிவது வருடா வருடம் நடப்பதுதான். ஆனால் பேண்ட் அடிக்க எந்த ரோடு திறக்க வேண்டும்? நான் அதற்குள் இரண்டு சுடிதாரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஆபீஸில் கிண்டல் வேறு. நூறு இருநூறு ரூபாய் வேலைக்குக் கடை வாசலில் நின்று சத்தம் போடவும் கூச்சமாக இருந்தது. ஒரு பட்டுப்புடவையோ கல்யாண பிளவுஸோ ஆகியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சின்ன வேலை என்றால் கேட்கிற நமக்கே நாக்கு எழும்புவதில்லை, அது அவர்களுக்கும் தெரியும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். தையல்கடைக்கும் சீசன் உண்டு. தீபாவளிக்கு முந்தின ஒரு மாதம், அப்புறம் கிறிஸ்துமஸ், பொங்கல் பக்கம், அதற்கப்புறம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை பள்ளிக்கூட யூனிஃபார்ம். இந்த நேரங்களில் ஆல்டர் மூட்டை கட்டாயம் பெஞ்சுக்குக் கீழேதான் போகும். பிப்ரவரி, மார்ச், அப்புறம் ஆகஸ்ட், செப்டம்பர், இந்த மாதங்களில் கொண்டுபோனால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். குளிர் உடுப்பையெல்லாம் மழைக்கு முன்னால், செப்டம்பரிலேயே எடுத்து ஜிப், பட்டன், லைனிங் பார்த்துவிடுவது நல்லது. குளிர் வந்தபிறகு ஜெர்கின் இல்லாமல் காத்திருப்பது நீங்கள்தான், கடைக்காரர் இல்லை.

நவம்பர் பாதியில் ஜெர்கின் ரெடி என்று போன் வந்தது. சந்தோஷமாகப் போனேன். கையில் வாங்கிப் பார்த்தால் ஜிப் புதுசு, ஆனால் அடியில் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சின்னத் தகரத் துண்டு அடித்திருந்தது. பையிலும் பேண்டிலும் இருக்குமே, அடிப்பக்கம் பிரியாத ஜிப், அது. அதாவது ஜெர்கினைச் சட்டை மாதிரி முன்பக்கம் திறந்து போட முடியாது, ஸ்வெட்டர் மாதிரித் தலைவழியாக மாட்ட வேண்டும். அண்ணனிடம் காட்டினேன். கொஞ்சமும் அசரவில்லை. "மாட்டிப் பாருங்க சிஸ்டர், சும்மா கும்முன்னு இருக்கும், காத்தே போகாது." எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கண்ணாடி முன்னால் நின்று மாட்டியும் பார்த்தேன், அதை நினைத்தால்தான் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. தலை நுழைந்தது, கொண்டை மாட்டிக்கொண்டது.

மறுபடி பிரித்து ஓப்பன் ஜிப் போட்டுத் தருகிறேன் என்றார். அதையும் போட்டார். இந்த முறை ஜிப் அடியில் பிரிந்தது, ஆனால் மேலே இழுத்து முடிக்கும்போது காலர் ஒரு பக்கம் அரை இஞ்ச் ஏறி நின்றது. ஏற்றி இறக்கித் தைத்துவிட்டார். அதைவிடப் பெரிய கூத்து, தையல் சுருக்கத்தை நீவ அயர்ன் பாக்ஸை வைத்திருக்கிறார். நைலான் துணி. மார்புப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் துணி பளபளவென்று இறுகிப்போய், தொட்டால் பாலித்தீன் கவர் மாதிரிச் சலசலத்தது. பழைய தையலைப் பிரித்த ஓட்டை வரிசை அப்படியே தெரிந்தது, அதன் வழியாக உள்ளே இருந்த பஞ்சு வெள்ளை வெள்ளையாக எட்டிப் பார்த்தது. கேட்டால், "துணி அப்படி சிஸ்டர், டூப்ளிகேட் போல" என்றார். 2,600 ரூபாய் ஜெர்கினை என்னிடமே டூப்ளிகேட் என்றதும் எனக்கு வார்த்தையே வரவில்லை. மிச்சம் 250 ரூபாயையும் கொடுத்துவிட்டு வந்தேன். கொடுக்காமல் வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மற்ற துணியெல்லாம் அங்கேதானே இருந்தது.

ஜிப் விஷயத்தில் கடையில் என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். முன்பக்கம் முழுசாகத் திறக்கும் உடுப்பு என்றால் "அடியில் பிரியும் ஓப்பன் ஜிப்" என்று வாயால் சொல்லுங்கள், அவருக்கே தெரியும் என்று விடாதீர்கள். ஜிப்பில் சுருள் மாதிரி நைலான் பல் ஒன்று, தனித்தனி பிளாஸ்டிக் பல் ஒன்று, உலோகப் பல் ஒன்று. பழையது எதுவோ அதையே கேளுங்கள். ஜிப்பை மூடித் திறக்க நாம் இழுக்கும் ரன்னரின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 3, 5, 8 என்று ஒரு எண் இருக்கும். மூடின பல்லின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கு. பேண்டுக்கு 3, 4 போதும், ஜெர்கினுக்கு 5க்குக் குறைந்தால் தாங்காது. அதே ரன்னரில் ஒய்.கே.கே. என்று எழுதியிருந்தால் அது ஜப்பான் கம்பெனி ஜிப், 1934லிருந்து இருக்கிற கம்பெனி, லேசில் தூக்கிப் போடச் சம்மதிக்காதீர்கள். முக்கியமாக, பிரித்த பழைய ஜிப்பைத் திருப்பி வாங்குங்கள். என்னுடையது குப்பைக்குப் போய்விட்டது, அது ஏன் வலித்தது என்று பின்னால் சொல்கிறேன்.

அயர்ன் விஷயமும் அப்படித்தான். காலருக்கு உள்ளேயோ பக்கவாட்டுத் தையலிலோ ஒரு சின்ன வெள்ளைப் பட்டை இருக்கும், அதில் அயர்ன் பாக்ஸ் படம் போட்டு உள்ளே புள்ளி வைத்திருப்பார்கள். ஒரு புள்ளி என்றால் ஏறக்குறைய 110 டிகிரிதான் தாங்கும், இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. மேலே பெருக்கல் குறி இருந்தால் அயர்னே கூடாது. தையல்கடை அயர்ன் பாக்ஸ் நாள் முழுக்கக் காட்டன் சூட்டிலேயே கிடக்கும், நைலானுக்கும் பாலியஸ்டருக்கும் அவர்கள் குறைத்து வைப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தப் பட்டையைக் கையால் பிடித்துக் காட்டி "இதுக்கு அயர்ன் வேண்டாம்ணா" என்று சொல்லிவிடுங்கள்.

பேண்ட் கதை சின்னது. இரண்டையும் சரியான நீளத்துக்கு வெட்டி அழகாக அடித்துத்தான் கொடுத்தார். முதல் தடவை துவைத்ததும் காட்டன் சுருங்கி ஒரு பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. இறக்கலாம் என்று மடிப்பைப் பிரித்தால் உள்ளே துணியே இல்லை, மிச்சத்தை ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தார். 950 ரூபாய் பேண்ட். புதுக் காட்டன் துணியை ஒரு தடவையாவது துவைத்துக் காயவைத்துவிட்டு உயரம் குறைக்கக் கொடுங்கள், உள்ளே ஒன்றரை இரண்டு இஞ்ச் மடிப்பு விடச் சொல்லுங்கள். அளவு எடுக்கும்போது ஆபீஸுக்குப் போடும் செருப்போடு நிற்க வேண்டும், வீட்டு ஹவாயோடு போய் நின்றால் கணக்கு மாறும். சுடிதார் பற்றிக் குறை இல்லை, அது நன்றாகவே வந்தது. அவருக்குப் பெண்கள் துணியில் கை பழகியிருந்தது, ஜெர்கினிலும் கோட்டிலும் பழகவில்லை, அவ்வளவுதான் விஷயம். அதை அவர் வாய் திறந்து சொல்லியிருக்கலாம்.

கோட்டு? கோட்டைத் தொடவே இல்லை. டிசம்பரில் நான் போய்க் கேட்டபோது பெஞ்சுக்கு அடியிலிருந்து இழுத்தார். சுவரோரம் ஈரத்தில் கிடந்து முதுகுப் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. அப்பா அதை எனக்குக் கொடுத்தபோது, மலைக்குப் போறவளுக்கு இதுதான் சரி என்று இஸ்திரி போட்டுப் பிளாஸ்டிக் கவரில் வைத்துக் கொடுத்தார். கையில் வாங்கியபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் மடித்து எடுத்துக்கொண்டு நடந்தேன். ரூமுக்கு வந்து நன்றாக அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரமே பொறுக்க முடியாமல் 1,700 ரூபாய்க்கு வேறு ஜெர்கின் வாங்கினேன். மாதக் கடைசி. பால் பாக்கி, ரூம் வாடகை எல்லாம் தள்ளிப்போனது.

புகார் கொடுக்கலாமா என்று யோசிக்காமல் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்கலாம். பில் கேட்டும் தராமல் விடுவதையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று வைத்திருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் என் கையில் இருந்தது ஒரு துண்டுத் துணியில் எழுதின என் பெயர். எந்தத் துணி கொடுத்தேன், எந்த நிலையில் கொடுத்தேன், எவ்வளவு பணம் கொடுத்தேன், எதற்கும் சாட்சி இல்லை. அலைச்சலுக்குத் தெம்பும் இல்லை, விட்டுவிட்டேன். அதனால் சொல்கிறேன், சீட்டு தரவில்லை என்றால் பரவாயில்லை, கடையிலேயே துணியை விரித்துப் போனில் போட்டோ எடுங்கள், அவர் முன்னாலேயே எடுங்கள். அந்தப் போட்டோவை அவர் வாட்ஸ்அப்புக்கே அனுப்பி, கீழே என்ன வேலை, எவ்வளவு கூலி, என்றைக்குத் தருகிறார் என்று இரண்டு வரி எழுதுங்கள். அட்வான்ஸை ஜிபேயில் போடுங்கள். சண்டைக்காக இல்லை. அப்படி ஒரு மெசேஜ் போனாலே துணி பெஞ்சுக்கு அடியில் போகாது, இப்போது நான் பார்த்துக்கொண்டிருப்பது அதுதான்.

ஆபீஸில் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். கோட்டுக் கதையைக் கேட்டுவிட்டு, "ரிப்பேரைப் புதுசு தைக்கிறவங்க கிட்ட ஏன் கொடுத்தே?" என்றார். எனக்கு அப்போது அது புரியவே இல்லை. தையல்காரர் என்றால் தையல்காரர்தானே. அவர்தான் அரவங்காடு பக்கம் ஒரு பெரியவரைச் சொன்னார். ஒரு மளிகைக்கடைத் திண்ணையில் ஒரே ஒரு கால் மெஷின், போர்டு கிடையாது. வெலிங்டன் ராணுவ முகாமுக்கு யூனிஃபார்ம் தைத்துப் பழகின கை, இப்போது வயதாகிவிட்டதால் புதுத் துணி எடுப்பதில்லை, பழுது மட்டும்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜெர்கினையும் கோட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதலில் ஜெர்கினை வாங்கி, உள்பக்கம் திருப்பி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பழைய ஜிப் எங்கே என்றார். இல்லை என்றேன். என்ன தொந்தரவு இருந்தது என்று கேட்டார், ஏறும், பின்னாலேயே பிளக்கும் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். "அம்மணி, அது ஜிப் போனதில்ல. ரன்னர் வாய் அகண்டு போச்சு." பக்கத்தில் கிடந்த ஒரு பை ஜிப்பை எடுத்து அங்கேயே காட்டினார். ரன்னர் என்பது மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு. இழுத்து இழுத்து நாளாக நாளாக அந்த இரண்டு தகடும் விலகும், அப்புறம் பல்லைச் சேர்த்து அழுத்தாது. குறடு எடுத்து இடது ஓரம் ஒரு அழுத்து, வலது ஓரம் ஒரு அழுத்து, அதிகமில்லை, கடுகளவு. இழுத்தார், மூடிக்கொண்டது. இது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும், நிரந்தரமாக வேண்டும் என்றால் மேல்நுனியில் பல்லுக்கு மேலே இருக்கும் குட்டித் தடுப்பைக் கழற்றி, அதே எண்ணில் புது ரன்னர் ஏற்றிவிட வேண்டும், 40 ரூபாய் வேலை என்றார். பல் ஒன்று உடைந்திருந்தால், அல்லது பல் துணியிலிருந்து பெயர்ந்திருந்தால்தான் முழு ஜிப்பும் மாற்ற வேண்டுமாம். நாற்பது ரூபாய். நான் திண்ணையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

காலர் ஏறி இறங்கினதைச் சரிசெய்ய மறுபடி பிரிக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். நைலானில் ஊசி போன ஓட்டை மூடாது, தோலிலும் அப்படித்தான், ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் ஓட்டை கூடும், கடைசியில் தபால்தலை மாதிரிக் கிழித்துக்கொள்ளும் என்றார். மழைக்கோட்டுக்கும் இதைத்தான் சொன்னார்: தோள்பட்டையில் மெஷின் ஓட்டினால் அந்த வரிசை வழியாகத் தண்ணீர் இறங்கும், கிழிசல் இருந்தால் உள்பக்கம் ஒட்டுத் துணி வைத்து ஒட்டுவதுதான் வழி. உருகின இடத்தின் மேல் ஒரு பை மாதிரிக் கறுப்புத் துணி வைத்து மூடித் தந்தார். வெளியே போட்டுக்கொண்டு போக முடியாது, வீட்டுக்குள் ஓட்டலாம், ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கோட்டுக்கு வந்தார். பூஞ்சையைப் பார்த்துவிட்டு, முதலில் வெயிலில் போட்டுக் காயவைத்து வெளியில் வைத்தே பிரஷ் அடித்து டிரைகிளீன் கொடுத்துவிட்டு வா, அழுக்குத் துணியில் ஊசி வைக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, பஸ் செலவு வேறு. ஆனால் அது நியாயம். அரித்தது பறக்கிற அந்துப்பூச்சி இல்லை, அது இடும் முட்டையிலிருந்து வரும் புழு. முட்டை உள்ளே இருக்கும்போதே ஓட்டையை அடைத்தால் அடுத்த வருடம் பக்கத்தில் இன்னொரு ஓட்டை. அந்தப் புழுவுக்குக் கம்பளிதான் சாப்பாடு, முழு அக்ரிலிக் ஸ்வெட்டரை அது சீந்தாது.

சுத்தம் செய்து கொண்டுபோன அன்றைக்கு அவர் செய்ததை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கோட்டின் அடிமடிப்பைக் கொஞ்சம் பிரித்து, உள்ளே கண்ணுக்குத் தெரியாத துணி ஓரத்திலிருந்து இழை இழையாக நூலை உருவினார். கடையில் எந்த நூல் வாங்கினாலும் நிறம் ஒட்டாது, இந்தக் கோட்டின் நூல்தான் இந்தக் கோட்டுக்கு ஒட்டும் என்றார். ஓட்டைக்கு அடியில் ஒரு வழுவழுப்பான மரக் குமிழை வைத்துத் துணியைப் பரப்பினார், மெல்லிய நீள ஊசியில் அந்த இழையைக் கோத்து முதலில் மேலும் கீழுமாக ஓட்டினார், நெருக்கமாக, ஆனால் இழுக்காமல். இழுத்தால் சுருங்கி முடிச்சு மாதிரி நிற்குமாம். அப்புறம் குறுக்கே, ஒரு இழைக்கு மேலே, அடுத்த இழைக்குக் கீழே, பாய் பின்னுவதேதான். துணியின் சாய்வுக் கோட்டுக்கு ஏற்ற மாதிரி ஒவ்வொரு வரியையும் ஒரு இழை தள்ளித் தொடங்கினார். கால் ரூபாய்க் காசு அளவு ஓட்டைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் டீ வந்தது, ஆறிப்போனது. முடித்ததும் ஈரத்துணியை மேலே போட்டு லேசாக அயர்ன் வைத்தார். விரலால் தடவினால் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. இதற்கும் லைனிங்குக்கும் சேர்த்து 280 ரூபாய் கேட்டார். 300 கொடுத்துவிட்டு மிச்சம் வேண்டாம் என்றேன், விடாமல் 20 ரூபாயைக் கையில் திணித்தார்.

அவரிடம்தான் கேட்டேன், ஏன் ஐயா கடைகளில் ஆல்டரை இப்படி இழுத்தடிக்கிறார்கள் என்று. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. புது பிளவுஸ் என்றால் வெட்டினோமா, ஓட்டினோமா, முந்நூறு நானூறு கிடைத்ததா என்று போகும். ஆல்டர் என்றால் முதலில் அடுத்தவன் போட்ட தையலைப் பிரிக்கணும், அதில்தான் பாதி நேரம், நூல் நிறம் தேடணும், கடைசியில் கூலி சொன்னால் "இதுக்கா இவ்ளோ" என்று முகம் சுளிப்பார்கள். அதனால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், வாங்கி வைத்து, கஸ்டமர் வந்து கத்தும்போது அவசரமாக ஓட்டிக் கொடுப்பது. இதைக் கேட்ட பிறகு அந்த மார்க்கெட் அண்ணன் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுக்க இறங்கவில்லை, ஜெர்கினை டூப்ளிகேட் என்றது இறங்காது. ஆனால் இப்போது நான் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் "பிரிக்கிற வேலையும் சேர்த்து எவ்வளவு வேணும், சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறேன். அப்படிக் கேட்டாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். முடிந்த பிரித்தலை நானே வீட்டில் பிளேடு வைத்துப் பிரித்துக்கொண்டும் போகிறேன், சுடிதார், பேண்ட் மடிப்பு மாதிரி நேர்த் தையல்களை மட்டும். ஜிப், காலர் பக்கம் கை வைப்பதில்லை.

கடையில் நுழைந்ததும் பாருங்கள்: தொங்கும் துணியெல்லாம் பிளவுஸும் சுடிதாருமாக இருந்தால் அங்கே சேலைக்கு ஃபால்ஸ், பிகோ, சுடிதார் பிடித்து அடிப்பது, இதெல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். கோட்டும் பேண்டும் தொங்கினால் ஜிப், லைனிங், பாக்கெட் கொடுக்கலாம். ஸ்வெட்டரில் கண்ணி விட்டுப்போனால் மெஷின்காரரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள், பின்னல் தெரிந்தவர்தான் அந்தக் கண்ணியைக் கொக்கி ஊசியால் பிடித்து ஏற்ற முடியும். மெஷின் ஓட்டினால் அந்த இடம் கட்டையாகிவிடும், பக்கத்தில் பிய்த்துக்கொள்ளும். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எம்பிராய்டரி சால்வை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு படி மேலே சொல்கிறேன். அந்தச் சிவப்பு கறுப்பு வேலைப்பாடு துணியின் இழையை எண்ணி எண்ணிக் கையால் போட்டது, 2013ல் புவிசார் குறியீடு வாங்கினது. ஓரம் பிரிந்தால் தோடர் பெண்களிடமே, அல்லது அதை விற்ற கடை மூலமாகவே சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள், பஜாரில் ஓவர்லாக் அடித்துவிடாதீர்கள்.

உலோக ஜிப் இந்தப் பனியில் சீக்கிரம் இறுகும். மெழுகுவர்த்தித் துண்டையோ பென்சில் முனையையோ பல்லின்மேல் தேய்த்தால் ஓடும், எண்ணெய் மட்டும் விடாதீர்கள், துணியில் இறங்கிவிடும். துவைக்கும்போதும் கொடியில் போடும்போதும் ஜிப்பை மூடியே வையுங்கள். ஏதாவது பழுதுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கும்போது கடையிலேயே மாட்டி, ஜிப்பை மேலும் கீழும் ஏழெட்டுத் தடவை இழுத்து, கையைத் தூக்கி, உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பின்னால் நாலு பேர் நின்று பார்த்தால் பார்க்கட்டும்.

பெரியவரிடம் போகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல், வெளிச்சம் நன்றாக இருக்கும்போது போங்கள். மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் கண் தெரியவில்லை என்று மூட்டை கட்டிவிடுவார். துணியைத் துவைத்துக் கொண்டுபோக வேண்டும், ஞாயிறு கிடையாது. இந்த மார்ச்சில் ஆபீஸில் ஐந்தாறு பேர் துணியைச் சேர்த்து அந்த அக்காவும் நானுமாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம், அடுத்த சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.